செயலி அனுமதி கேட்கும்போது: புதிதாக ஸ்மார்ட்போன் பயன்படுத்துவோருக்கான வழிகாட்டி

புதுச் செயலி ஒன்றை இறக்கித் திறந்ததும் திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வருகிறது. தொடர்புகளைப் பார்க்க அனுமதிக்கலாமா, இருப்பிடத்தை அறிய அனுமதிக்கலாமா என்று கேட்கிறது. பெரும்பாலானோர் அதைப் படிப்பதே இல்லை, ‘அனுமதி’ என்பதைத் தட்டிவிட்டு மேலே போய்விடுகிறார்கள். மறுத்தால் செயலி ஓடாதோ என்ற பயம் ஒரு பக்கம், கையில் இருக்கும் வேலை முடிந்தால் போதும் என்ற அவசரம் மறுபக்கம்.

முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ‘வேண்டாம்’ என்று சொன்னதை நாளைக்கே ‘சரி’ என்று மாற்றிவிடலாம். ‘சரி’ என்று சொன்னதை அப்படி முழுதாகத் திரும்பப் பெற முடியாது. செட்டிங்ஸில் போய் அனுமதியை நீக்கலாம்தான். அது இனிமேல் எடுப்பதைத்தான் தடுக்கும். அதற்குள் நிறுவனத்தின் சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட தொடர்புப் பட்டியல் அங்கேயே இருக்கும். எனவே தயக்கம் வந்தால் மறுத்துவிடுவதே சரி. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான்.

போனுக்குள் என்ன நடக்கிறது

ஆண்ட்ராய்டிலும் சரி, ஐபோனிலும் சரி, ஒவ்வொரு செயலியும் தனக்கென்று ஒதுக்கப்பட்ட இடத்துக்குள்தான் இயங்குகிறது. இன்னொரு செயலியின் கோப்புகளையோ உங்கள் கேமராவையோ அது தன்னிச்சையாகத் தொட முடியாது. தொட வேண்டுமென்றால் இயங்குதளத்திடம், அதாவது போனை இயக்கும் அடிப்படை மென்பொருளிடம், கேட்க வேண்டும், இயங்குதளம் உங்களிடம் கேட்கும். அந்தக் கேள்விதான் அந்தப் பெட்டி.

ஆண்ட்ராய்டில் இது ஆரம்பத்திலிருந்தே இருந்ததல்ல. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6க்கு முன்பு, செயலியை நிறுவும்போதே எல்லா அனுமதிகளும் ஒரே பட்டியலாக வரும். மொத்தமாக ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் செயலியே கிடையாது. இப்போது ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஏற்கவோ மறுக்கவோ முடிகிறது. ஆக, உங்களுக்குக் கிடைத்திருக்கும் உரிமை இது. பயன்படுத்துங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இன்டர்நெட்டைப் பயன்படுத்த ஆண்ட்ராய்டு செயலிகள் உங்களிடம் கேட்பதில்லை. அந்த அனுமதி நிறுவும்போதே தானாகக் கிடைத்துவிடுகிறது. ‘என் படங்களைச் செயலி பார்த்தால் என்ன, போனுக்குள்தானே இருக்கிறது’ என்று நினைக்க இடமே இல்லை. பார்க்க முடிந்ததை வெளியே அனுப்பவும் அதனால் முடியும்.

படி 1: நிறுவும் முன்

முதலில், அந்தச் செயலி உண்மையிலேயே வேண்டுமா என்று பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை பயன்படுத்தும் சேவைக்கு பிரவுசரில் இணையதளத்தைத் திறந்து வேலையை முடித்துக்கொள்ளலாம். உங்கள் தொடர்புகளையோ எஸ்எம்எஸ்களையோ இணையதளத்தால் தானாக எடுக்க முடியாது. போனில் செயலிகள் குறையக் குறைய, கண்காணிக்க வேண்டியதும் குறையும்.

வேண்டும் என்றால் பிளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ மட்டும் எடுங்கள். செயலியின் பக்கத்தைக் கீழே தள்ளிப் பார்த்தால், பிளே ஸ்டோரில் ‘டேட்டா சேஃப்டி’ என்ற பகுதி இருக்கும். ஆப் ஸ்டோரில் ‘ஆப் பிரைவசி’ என்று இருக்கும். எந்தத் தகவலைச் சேகரிக்கிறார்கள், யாருடன் பகிர்கிறார்கள் என்று அதில் எழுதியிருக்கும். ஆனால் அதை நிரப்புவது செயலியை உருவாக்கியவர்களேதான். அதனால் ‘எதையும் சேகரிப்பதில்லை’ என்று போட்டிருப்பதை முழுதாக நம்பிவிட வேண்டாம். மாறாக, ஒரு கால்குலேட்டர் செயலி இருப்பிடத்தைச் சேகரிப்பதாக அவர்களே எழுதியிருந்தால், அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. வேறு செயலி தேடுங்கள்.

படி 2: பெட்டி வந்ததும்

உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இப்போது நான் செய்யப்போகும் வேலைக்கு இது தேவையா? செயலி பொதுவாக என்னென்ன செய்யும் என்பது இங்கே முக்கியமில்லை. இந்த நிமிடத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் கணக்கு.

காகிதங்களை ஸ்கேன் செய்யும் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். திறந்தவுடன் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்கிறது. நீங்கள் இன்னும் எதையுமே ஸ்கேன் செய்யவில்லை, உங்களுக்கு அறிவிக்க அதனிடம் எதுவும் இல்லை. மறுக்கலாம். அடுத்து தொடர்புகளைக் கேட்கிறது. ஸ்கேன் செய்ததை யாருக்காவது அனுப்ப வேண்டுமானால் போனின் ‘ஷேர்’ பட்டன் இருக்கிறது, அதற்குச் செயலி உங்கள் முகவரிப் புத்தகத்தைப் படிக்க வேண்டியதில்லை. மறுக்கலாம். இருப்பிடம் கேட்கிறது. காகிதத்துக்கும் இருப்பிடத்துக்கும் சம்பந்தமே இல்லை. மறுக்கலாம். இப்போது ஸ்கேன் பட்டனைத் தட்டுகிறீர்கள், கேமரா கேட்கிறது. இது நியாயம். அதிலும் ‘இந்த முறை மட்டும்’ என்று கொடுத்தால் போதும். நான்கில் மூன்றை மறுத்த பிறகும் ஸ்கேன் சரியாகவே நடக்கும்.

இந்த ‘இந்த முறை மட்டும்’ ஆண்ட்ராய்டு 11இலிருந்து இருக்கிறது. ஐபோனில் இருப்பிடத்துக்கு இதே போல் ஒருமுறை மட்டும் கொடுக்கும் வசதி உண்டு. எப்போதாவது திறக்கும் செயலிகளுக்கு இதையே தேர்ந்தெடுங்கள். தினமும் திறக்கும் செயலிக்கு ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்பது வசதி.

மறுத்தபின் ஒரு வசதி வேலை செய்யவில்லை என்றால் பதற வேண்டாம். ஐபோன் அந்தக் கேள்வியை ஒருமுறைதான் கேட்கும். புதிய ஆண்ட்ராய்டுகள் இரண்டு முறை மறுத்தால் அதன்பின் கேட்பதில்லை. செட்டிங்ஸில் அந்தச் செயலியின் பெயரைத் தட்டி, அனுமதிகளுக்குள் போய்த் திறந்துவிட்டால் முடிந்தது. போனைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு செட்டிங்ஸ் ‘அமைப்புகள்’ என்று இருக்கும்.

எந்த அனுமதியை எப்படிப் பார்ப்பது

இருப்பிடம்தான் மிக அதிகம் சொல்லிவிடும் அனுமதி. இரவில் போன் எங்கே இருக்கிறது என்பது வீடு. பகலில் எங்கே என்பது வேலையிடம். வாரம் ஒருமுறை போகும் இடம் வழிபாட்டுத் தலமாக இருக்கலாம், மருத்துவமனையாக இருக்கலாம். பெயர் நீக்கிய பட்டியலாக இருந்தாலும் இவற்றை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. தனிநபர்களுக்கு மட்டும் இதில் ஆபத்து என்றும் இல்லை. ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி, தன் பயனர்கள் ஓடிய பாதைகளை எல்லாம் சேர்த்து ஓர் உலக வரைபடமாக வெளியிட்டிருந்தது. வேறு நடமாட்டமே இல்லாத பகுதிகளில், ராணுவ வீரர்கள் முகாமைச் சுற்றி ஓடிய தடங்கள் பளிச்சென்று தெரிந்தது 2018 ஜனவரியில் செய்தியானது. ஓடியவர்கள் யாரும் ரகசியம் எதையும் எழுதவில்லை, இருப்பிடத்தைத்தான் பகிர்ந்தார்கள்.

எனவே இரண்டு விஷயங்களைச் செய்யுங்கள். ஒன்று, ‘எப்போதும் அனுமதி’ என்பதை, குடும்பத்தாருடன் இருப்பிடம் பகிர்வது, தொலைந்த போனைத் தேடுவது போன்றவற்றைத் தவிர எதற்கும் கொடுக்காதீர்கள். மற்றது, ‘துல்லியமான இருப்பிடம்’ என்பதை அணைத்துவிட்டு ‘தோராயமான இருப்பிடம்’ கொடுங்கள். ஆண்ட்ராய்டு 12இலும், ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸின் 14ஆம் பதிப்பிலும் வந்த வசதி இது. ஆண்ட்ராய்டில் தோராயம் என்றால் ஏறக்குறைய 3 சதுர கிலோமீட்டர் பரப்பு. வானிலை தெரிய, செய்தி படிக்க இது தாராளம். வழிகாட்டும் வரைபடத்துக்கும் வண்டி அழைக்கும் செயலிக்கும் மட்டும் துல்லியம் வேண்டும். இன்னொன்றும் உண்டு: பழைய ஆண்ட்ராய்டு போன்களில் ப்ளூடூத் கருவியைத் தேடவே இருப்பிட அனுமதி தேவைப்பட்டது. ஹெட்போன் செயலி இருப்பிடம் கேட்டால் அது காரணமாக இருக்கலாம். ஆண்ட்ராய்டு 12இலிருந்து அதற்கு ‘அருகிலுள்ள சாதனங்கள்’ என்று தனி அனுமதி இருக்கிறது.

தொடர்புகள் விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். அந்தப் பட்டியலில் இருப்பது உங்கள் தகவல் மட்டுமில்லை. உங்களை நம்பி எண் கொடுத்த நூற்றுக்கணக்கானவர்களின் தகவல் அது, அவர்களை யாரும் கேட்கவில்லை. 2012இல் பாத் என்ற சமூக வலைத்தளச் செயலி, பயனர்களின் முகவரிப் புத்தகத்தைச் சொல்லாமலே தன் சர்வருக்கு ஏற்றிக்கொண்டது தெரியவந்தது. மறு ஆண்டு, நுகர்வோரைப் பாதுகாக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனுடன் அது சமரசம் செய்துகொண்டது, சிறுவர்களின் தகவலைப் பெற்றோர் அனுமதியின்றிச் சேகரித்ததற்காக 8 லட்சம் டாலர் அபராதம் கட்டவும் ஒப்புக்கொண்டது. ஐபோனில் தொடர்புகளுக்கு அனுமதி கேட்கும் முறையே அதே 2012இல் ஐஓஎஸ் 6இல்தான் வந்தது. கடன் தரும் செயலிகள் தொடர்புகளை எடுத்துக்கொண்டு, பணம் கட்டத் தாமதமானால் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் போன் போட்டு அவமானப்படுத்தியது பல நாடுகளில் நடந்த கொடுமை. 2023இல் கூகுள், தனிநபர் கடன் செயலிகள் தொடர்புகளையும் படங்களையும் எடுக்கவே கூடாது என்று பிளே ஸ்டோர் விதியில் சேர்த்தது. இன்றைக்கும் ஒரு கடன் செயலி தொடர்புகளைக் கேட்டால், அதை அந்த நொடியே நீக்கிவிடுங்கள். ஐஓஎஸ் 18இல் தேர்ந்தெடுத்த சிலரை மட்டும் ஒரு செயலிக்குக் காட்டும் வசதி வந்திருக்கிறது. மெசேஜ் அனுப்பும் செயலிகளுக்கு அதைப் பயன்படுத்தலாம்.

எஸ்எம்எஸ் அனுமதி கேட்டால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். வங்கி ஓடிபி வருவது அதில்தான். ‘ஓடிபியைத் தானாக எடுக்க’ என்று காரணம் சொல்வார்கள். தனக்கு வந்த ஒரே ஒரு ஓடிபி மெசேஜை மட்டும் எடுத்துக்கொள்ள, எஸ்எம்எஸ் அனுமதியே தேவைப்படாத வழியை ஆண்ட்ராய்டு வைத்திருக்கிறது. கைப்பட ஆறு எண்களைத் தட்டினாலும் வேலை முடிந்துவிடும். போனின் முதன்மை மெசேஜ் செயலியைத் தவிர வேறு எதற்கும் இதைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

படங்களுக்கு இப்போது நல்ல வழி இருக்கிறது. ஐஓஎஸ் 14, ஆண்ட்ராய்டு 14 முதல் ‘தேர்ந்தெடுத்த படங்கள் மட்டும்’ என்று கொடுக்கலாம். சுயவிவரப் படம் ஒன்றை ஏற்ற, அடையாள அட்டையும் குழந்தைகளின் படங்களும் கிடக்கும் முழு கேலரியையும் திறந்துவிட வேண்டியதில்லை. எடுத்த படத்துக்குள்ளேயே எடுத்த இடமும் பதிவாகியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். கேமரா செட்டிங்ஸில் இருப்பிடக் குறிப்பை அணைத்துவிட்டால் இனி எடுக்கும் படங்களில் அது இருக்காது.

கேமராவுக்கும் மைக்குக்கும் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு 12 முதல், இவற்றில் எது இயங்கினாலும் திரையின் மேல் மூலையில் பச்சைப் புள்ளி வரும். ஐபோனில் கேமராவுக்குப் பச்சை, மைக்குக்கு ஆரஞ்சு. நீங்கள் எதுவும் செய்யாதபோது புள்ளி தெரிந்தால், திரையை மேலிருந்து கீழே இழுத்து எந்தச் செயலி என்று பார்த்துவிடுங்கள்.

படி 3: ஏற்கெனவே கொடுத்தவற்றைச் சரிபார்ப்பது

போன் வாங்கிச் சில மாதங்கள் ஆகிவிட்டதா? அரை மணி நேரம் ஒதுக்கி உட்காருங்கள்.

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், பிறகு பிரைவசி, பிறகு ‘பெர்மிஷன் மேனேஜர்’. போன் கம்பெனியைப் பொறுத்து இடம் கொஞ்சம் மாறும். கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் கட்டத்தில் அதே பெயரைத் தட்டுங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’. இரண்டிலும் அனுமதி வாரியாகப் பட்டியல் இருக்கும். செயலி வாரியாகப் போவதைவிட இப்படிப் போவதுதான் எளிது. ‘இருப்பிடம்’ என்பதைத் தட்டினால் அதை வைத்திருக்கும் எல்லாச் செயலிகளும் ஒரே திரையில் வரும். சம்பந்தமில்லாத பெயர்கள் உடனே கண்ணில் படும். முதலில் இருப்பிடம், பிறகு தொடர்புகள், எஸ்எம்எஸ், மைக் என்ற வரிசையில் போங்கள்.

ஆண்ட்ராய்டு 12 முதல் ‘பிரைவசி டேஷ்போர்டு’ என்று இன்னொரு திரை உண்டு. கடந்த 24 மணி நேரத்தில் எந்தச் செயலி எந்த அனுமதியை எத்தனை மணிக்குப் பயன்படுத்தியது என்று நேர வரிசையில் காட்டும். அதில் இருப்பிடத்தைத் தட்டிப் பாருங்கள். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்த நள்ளிரவு நேரத்துக்கு எதிரே வால்பேப்பர் செயலியின் பெயர் இருக்கிறது என்றால், அதற்கு என்ன விளக்கம் இருக்க முடியும்? பெயரைத் தட்டி, அங்கேயே அனுமதியை நீக்கலாம். ஐபோனில் இதற்கு ‘ஆப் பிரைவசி ரிப்போர்ட்’. அதை முதலில் இயக்கிவைக்க வேண்டும், கடைசி ஏழு நாள்களைக் காட்டும். செயலி எந்தெந்த இணைய முகவரிகளைத் தொடர்புகொண்டது என்பதும் அதில் தெரியும்.

சில மாதங்கள் தொடாமல் விட்ட செயலிகளின் அனுமதிகளை ஆண்ட்ராய்டு தானாகவே பறித்துவிடும். அந்த வசதியைச் செயலியின் தகவல் பக்கத்தில் யாரும் அணைத்துவைக்கவில்லையா என்று பாருங்கள்.

படி 4: பெட்டியில் வராத, பெரிய அனுமதிகள்

மேலே சொன்னதெல்லாம் ஒவ்வொரு கதவு. இப்போது சொல்லப்போவது வீட்டுச் சாவிக் கொத்து. பணத்தை இழந்தவர்களின் கதைகளில் அடிக்கடி வருவது இவைதான், ஆனால் அனுமதிகளைப் பற்றிப் பேசும்போது இவற்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

முதலாவது ‘அக்சஸிபிலிட்டி’. பார்வைக் குறைபாடோ கை அசைவில் சிரமமோ உள்ளவர்கள் போனைப் பயன்படுத்த உதவும் அருமையான வசதி. திரையில் இருப்பதைப் படித்துக் காட்டவும் அவர்களுக்குப் பதிலாகத் தட்டவும் அதனால் முடியும். வங்கிப் பணத்தைத் திருடும் செயலிகள் விரும்புவதும் அதே ஆற்றலைத்தான். இதைக் கொடுத்துவிட்டால், அவை நீங்கள் தட்டும் பாஸ்வேர்டைப் பார்க்கலாம், அடுத்து வரும் அனுமதிப் பெட்டியில் தாமே ‘சரி’ என்று தட்டிக்கொள்ளவும் செய்யலாம். செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டிக்குள் போய், இறக்கி நிறுவிய செயலிகள் என்ற பகுதியைப் பாருங்கள். நீங்களே தெரிந்து இயக்கியதைத் தவிர எதுவும் அங்கே இயங்கக் கூடாது.

இரண்டாவது, அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதி. உங்களுக்கு அறிவிப்பு அனுப்பும் அனுமதி வேறு, உங்கள் அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதி வேறு. ஸ்மார்ட்வாட்ச் போன்றவற்றுக்கு இது தேவைப்படும். வேறு செயலிக்குக் கொடுத்தால், எஸ்எம்எஸ் அனுமதி இல்லாமலே அறிவிப்பில் வரும் ஓடிபியை அது படித்துவிடக்கூடும். மூன்றாவது, மற்ற செயலிகளின் மேல் தோன்றும் அனுமதி. வங்கிச் செயலியின் மேல் அதே போன்ற போலித் திரையை விரித்து பாஸ்வேர்டை வாங்க இது உதவும். இவை இரண்டும், டிவைஸ் அட்மின் (போனைப் பூட்டவும் அழிக்கவும் செயலிக்கு அதிகாரம் தருவது), எல்லாக் கோப்புகளையும் அணுகுதல், தெரியாத செயலிகளை நிறுவுதல் போன்றவையும் பெரும்பாலான போன்களில் ‘ஸ்பெஷல் ஆப் அக்சஸ்’ என்ற பட்டியலில் இருக்கும். ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள்.

மெசேஜில் வரும் ஏபிகே கோப்புகளை (ஸ்டோர் இல்லாமல் நேரடியாகச் செயலியை நிறுவும் ஆண்ட்ராய்டு கோப்புகள்) நிறுவவே வேண்டாம் என்று சொல்வதற்கும் இதுதான் காரணம். ஸ்டோருக்கு வெளியிலிருந்து வந்த செயலி அக்சஸிபிலிட்டி கேட்டால், ஆண்ட்ராய்டு 13 முதல் அதைத் தடுத்து எச்சரிக்கை காட்டும். ஆனால் போனில் பேசும் ஆள் ‘அதைத் தாண்டிப் போங்கள்’ என்று படிப்படியாகச் சொல்லிக்கொடுப்பார். வங்கியிலிருந்து பேசுகிறேன் என்பார், அரசு அலுவலகம் என்பார். அப்படிச் செட்டிங்ஸை மாற்றச் சொல்லும், திரையைப் பகிரச் சொல்லும் எந்த அழைப்பையும் பேச்சின் நடுவிலேயே துண்டித்துவிடுங்கள். மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம்.

கீபோர்டு செயலிகளையும் இங்கேதான் சொல்ல வேண்டும். நீங்கள் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் அதன் வழியாகத்தான் போகிறது. அழகான எழுத்துருவுக்காகவோ ஸ்டிக்கருக்காகவோ பெயர் தெரியாத கீபோர்டை வைக்காதீர்கள். ஐபோனில் ‘ஃபுல் அக்சஸ்’ (தட்டுவதை வெளியே அனுப்ப வழி தரும் அனுமதி) கொடுக்காமலே பல கீபோர்டுகள் இயங்கும். தமிழில் தட்ட, போனோடு வரும் கீபோர்டுகளே இப்போது போதும்.

படி 5: விளம்பர அடையாளம்

ஒவ்வொரு போனுக்கும் விளம்பரத்துக்கென்று ஓர் அடையாள எண் இருக்கிறது. வெவ்வேறு செயலிகளில் நீங்கள் செய்வதை ஒரே ஆளுடையது என்று சேர்த்துப் பார்க்க அது பயன்படுகிறது. 2013இல் பிரைட்டஸ்ட் ஃப்ளாஷ்லைட் என்ற டார்ச் செயலி மீது ஃபெடரல் டிரேட் கமிஷன் எடுத்த நடவடிக்கையை நினைத்தால் இது எவ்வளவு பெரிய வியாபாரம் என்று புரியும். வெளிச்சம் மட்டுமே தர வேண்டிய அந்தச் செயலி, கோடிக்கணக்கான முறை இறக்கப்பட்டது. அது பயனர்களின் துல்லியமான இருப்பிடத்தையும் போனின் அடையாளத்தையும் விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் பிரைவசிக்குள் ‘ஆட்ஸ்’ பகுதிக்குப் போய் விளம்பர ஐடியை நீக்கிவிடுங்கள். ஐபோனில் ‘டிராக்கிங்’ என்பதைத் திறந்து, செயலிகள் பின்தொடரக் கேட்பதையே அணைத்துவிடலாம். விளம்பரங்கள் தொடர்ந்து வரும், உங்களைக் குறிவைப்பது குறையும். இரண்டு நிமிட வேலை.

படி 6: செயலியை நீக்கும்போது

ஐகானை அழுத்தி நீக்கிவிட்டால் செயலிதான் போகும். கணக்கும் அதில் கொடுத்த தகவலும் நிறுவனத்திடமே இருக்கும். நீக்குவதற்கு முன் செயலிக்குள் ‘கணக்கை அழி’ என்பதைத் தேடுங்கள். கணக்கு தொடங்க வசதி தரும் செயலி, அதை அழிக்கவும் வசதி தர வேண்டும் என்று ஆப்பிள் 2022இலிருந்து விதி வைத்திருக்கிறது. கூகுளும் பின்னர் அதே விதியைக் கொண்டுவந்தது. கூகுள் கணக்கு மூலம் உள்நுழைந்திருந்தால், உங்கள் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் இணைக்கப்பட்ட செயலிகள் பட்டியலிலிருந்தும் அதை எடுத்துவிடுங்கள்.

ஏதோ தவறாகிவிட்டது என்று தோன்றினால்

தெரியாத செயலிக்கு அக்சஸிபிலிட்டி கொடுத்துவிட்டீர்கள், அல்லது போன் தானாகத் திரையை மாற்றுகிறது. உடனே ஏரோபிளேன் மோடைப் போட்டு, வைஃபையும் அணைந்துவிட்டதா என்று பாருங்கள். இன்டர்நெட் இல்லாமல் அதனால் எதையும் வெளியே அனுப்ப முடியாது. வேறொரு போனிலிருந்து வங்கியை அழைத்து, கணக்கிலிருந்து பணம் வெளியே போவதை நிறுத்தச் சொல்லுங்கள். பாஸ்வேர்டுகளையும் அந்த வேறு போனிலோ கணினியிலோதான் மாற்ற வேண்டும், சந்தேகமுள்ள போனில் மாற்றினால் புதிய பாஸ்வேர்டும் திருடனுக்கே போகும். மின்னஞ்சல் பாஸ்வேர்டு முதலில், வங்கி அடுத்து.

பிறகு போனுக்கு வாருங்கள். அக்சஸிபிலிட்டியையும் டிவைஸ் அட்மினையும் அணைத்த பிறகுதான் இத்தகைய செயலிகள் நீங்கும். அணைக்க விடாமல் திரையை மாற்றிக்கொண்டே இருந்தால் ஆண்ட்ராய்டை சேஃப் மோடில் தொடங்குங்கள். பெரும்பாலான போன்களில் பவர் ஆஃப் பட்டனைத் திரையில் நீண்ட நேரம் அழுத்தினால் அது வரும். சேஃப் மோடில் நீங்கள் நிறுவிய செயலிகள் இயங்காது, அமைதியாக நீக்கலாம். அப்போதும் நீங்கவில்லை என்றால், படங்களையும் தொடர்புகளையும் எடுத்து வைத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட் செய்து, அதாவது எல்லாவற்றையும் அழித்து, போனை வாங்கியபோது இருந்த நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். செயலிகளைப் பேக்கப்பிலிருந்து அப்படியே கொண்டுவராமல், தேவைப்படும்போது ஒவ்வொன்றாக ஸ்டோரிலிருந்து நிறுவுங்கள்.